ஐந்நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும்!

1940ஆம் ஆண்டு மே மாதம். ஜெர்மனியின் எஸ்.எஸ். படைத்தலைவரான ஹைன்ரிக் ஹிம்லர் இரகசியக் குறிப்பொன்றை எழுதி ஹிட்லரிடம் அளித்தார். போரில் பிடிபட்ட கிழக்குப் பகுதி மக்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதே குறிப்பின் பொருள். அம்மக்களின் குழந்தைகளுக்கு நான்கு வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கூடாது. ஐந்நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும். தம் பெயரை எழுதத் தெரிந்தால் போதும். ஜெர்மானியருக்குக் கீழ்ப்படிவது கடவுள் இட்ட கட்டளை என்று கற்பிக்கப்பட வேண்டும். படிக்கக் கற்றுக்கொள்வது அவசியமில்லை என்று அதில் எழுதியிருந்தார். ஹிட்லர் அதை ஒப்புக்கொண்டார்.

ஒரு நாட்டைப் பிடித்தவர்கள் அதன் பொன்னையும் நிலத்தையும் கொள்ளையிட்ட செய்திகள் வரலாற்றில் ஏராளம். ஆனால் ஒரு மக்களினம் இனி எழுத்தறிவே இல்லாமல் வாழவேண்டும் என்று திட்டமிட்டு, அதற்கென ஓர் அரசாங்க இயந்திரத்தையே இயக்கியது அரிது. போலந்து நாட்டில் நாஜிகள் செய்தது அதுதான். அந்த இயந்திரத்தின் முக்கிய உறுப்பாக விளங்கியவையே வதைமுகாம்கள். அவற்றில் அடைபட்ட போலந்துக் கைதிகள் யார், ஏன் அடைக்கப்பட்டனர், அங்கே அறிவியலின் பெயரால் என்ன நடந்தது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

போலந்து பிடிபட்ட வரலாறு

1939 செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மன் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. இரண்டாம் உலகப்போர் அன்று தொடங்கியது. செப்டம்பர் 17ஆம் நாள் கிழக்கிலிருந்து சோவியத் படைகள் புகுந்தன. அக்டோபர் முதல் வாரத்தில் சண்டை முடிந்தது. நாடு இரண்டாகப் பங்கிடப்பட்டது. சோவியத் பங்கிலும் பெருங்கொடுமைகள் நிகழ்ந்தன. 1940இல் காட்டின் காடு முதலிய இடங்களில் ஏறத்தாழ 22,000 போலந்து அதிகாரிகளும் பிறரும் சுட்டுக்கொல்லப்பட்டது அவற்றுள் ஒன்று. நாம் இங்கு ஜெர்மனியின் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மனி தன் பங்கை இரண்டாகப் பிரித்தது. மேற்குப் பகுதியைத் தன் நாட்டோடு நேரடியாகச் சேர்த்துக்கொண்டது. எஞ்சிய பகுதிக்குப் 'பொது ஆட்சிப்பகுதி' என்று பெயரிட்டு, ஹான்ஸ் ஃபிராங்க் என்ற வழக்கறிஞரை ஆளுநராக்கியது. அவர் கிராக்கோ நகரில், போலந்து மன்னர்கள் வாழ்ந்த வாவெல் கோட்டையில் குடியேறினார்.

படையெடுப்புக்கு முன்பே பெயர்ப் பட்டியல்கள் தயாராக இருந்தன. ஆசிரியர்கள், பாதிரியார்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள், ஊர்த்தலைவர்கள் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. ஒரு சமுதாயத்தில் நான்கு பேரைக் கூட்டிப் பேசக்கூடியவர் எவரோ, பிறருக்கு வழிகாட்டக் கூடியவர் எவரோ, அவரை முதலில் அகற்றிவிட வேண்டும் என்பதே கொள்கை. 1939 இலையுதிர்காலத்திலிருந்து 1940 கோடை வரை பல்லாயிரவர் காடுகளிலும் கல்குழிகளிலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். சுடப்படாதவர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

ஒரு சொற்பொழிவுக்கு அழைப்பு

கிராக்கோ நகரின் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகம் 1364இல் நிறுவப்பட்டது. சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று நிறுவ முயன்ற கோப்பர்நிக்கஸ் மாணவராகப் பயின்ற இடம் அது. 1939 நவம்பர் 6ஆம் நாள் அதன் பேராசிரியர்கள் அனைவரும் ஒரு கூட்டத்துக்கு வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. அறிவியலையும் பல்கலைக்கழகங்களையும் பற்றி ஜெர்மானிய அரசின் கருத்தை ஓர் அதிகாரி விளக்குவார் என்று சொல்லப்பட்டது.

பேராசிரியர்கள் வந்து அமர்ந்தனர். எஸ்.எஸ். அதிகாரியான புரூனோ முல்லர் மேடையேறினார். அவருடைய 'சொற்பொழிவு' சில நிமிடங்களே நீடித்தது. அனுமதியின்றி வகுப்புகளைத் தொடங்க முயன்றது ஜெர்மனிக்கு எதிரான செயல். ஆகவே அனைவரும் கைது செய்யப்படுகிறார்கள் என்றார். கட்டிடம் முன்கூட்டியே சுற்றி வளைக்கப்பட்டிருந்தது. சுரங்கக் கல்லூரியின் ஆசிரியர்கள் சிலரையும் சேர்த்து 183 பேர் பிடிபட்டனர். மாதக் கடைசியில் அவர்கள் பெர்லினுக்கு அருகிலுள்ள சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் இருந்தார்கள்.

அது கடுங்குளிர் காலம். அறுபது, எழுபது வயதான பேராசிரியர்கள் மெல்லிய கோடுபோட்ட கைதியுடையில், பனியில், தலை எண்ணிக்கைக்காக மணிக்கணக்கில் நின்றார்கள். அவர்களுள் ஒருவர் மிகையீல் சீட்லெட்ஸ்கி என்ற விலங்கியல் அறிஞர். நம் ஊர்க் கோழிகளைத் தாக்கும் இரத்தக்கழிச்சல் நோயைப் பலரும் அறிவர். இந்நோயை உண்டாக்கும் காக்சிடியா என்ற ஒற்றைச்செல் உயிரிகள் எவ்வாறு பெருகுகின்றன என்பதை 1897இல் ஆராய்ந்து வெளியிட்ட இருவருள் இவரும் ஒருவர். மற்றவர் யார் தெரியுமா? ஃபிரிட்ஸ் ஷாடின் என்ற ஜெர்மானிய அறிஞர்! இளமையில் பெர்லினில் ஜெர்மானியரோடு தோளுரசி நுண்ணோக்கியில் பார்த்தவர், முதுமையில் அதே பெர்லினுக்கருகே கைதியாக நின்றார். 1940 ஜனவரி 11ஆம் நாள் முகாமிலேயே இறந்தார். அவருக்கு வயது 66.

பல நாடுகளிலிருந்தும், ஜெர்மனியின் நட்பு நாடான இத்தாலியிலிருந்தும்கூட எதிர்ப்புக்குரல் எழுந்தது. அதன் விளைவாக 1940 பிப்ரவரி 8ஆம் நாள் நாற்பது வயதைக் கடந்த 101 பேர் விடுவிக்கப்பட்டனர். அதற்குள் பத்துக்கு மேற்பட்டோர் முகாமில் மடிந்துவிட்டனர். வீடு திரும்பிய சில நாள்களிலேயே வேறு சிலர் இறந்தனர். இளைஞர்களான ஆசிரியர்கள் பலர் டாஹாவ் முகாமுக்கு மாற்றப்பட்டனர்.

இந்த எதிர்ப்பிலிருந்து நாஜிகள் ஒரு பாடம் கற்றுக்கொண்டனர். கைது செய்தால் உலகம் கேள்வி கேட்கிறது. ஆகவே இனி ஓசையின்றி அந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதே அந்தப் பாடம். லுவூவ் நகரைப் பிடித்தபின் 1941 ஜூலையில் அப்படியே செய்தார்கள். கணித அறிஞர்களான அந்தோனி வொம்னிட்ஸ்கி, விளாட்ஸிமியர்ஸ் ஸ்டோஷெக் உள்ளிட்ட இருபதுக்கு மேற்பட்ட பேராசிரியர்கள் ஒரே இரவில் வீடுகளிலிருந்து இழுத்துவரப்பட்டு விடியலில் சுடப்பட்டனர். அந்நகரம் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது.

வதைமுகாம் என்பது யாது?

சிறைச்சாலைக்கும் வதைமுகாமுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சிறைக்குச் செல்பவர் மீது குற்றச்சாட்டு உண்டு, விசாரணை உண்டு, இத்தனை ஆண்டு என்ற கணக்கும் உண்டு. வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. 'பாதுகாப்புக் காவல்' என்ற ஓர் உத்தரவுத்தாள் போதும். எதற்காக, எவ்வளவு காலம் என்று கேட்க நீதிமன்றம் கிடையாது.

கைதிகளின் சட்டையில் முக்கோண வடிவத் துணி தைக்கப்பட்டது. அரசியல் கைதிக்குச் சிவப்பு, குற்றவாளிக்குப் பச்சை, இப்படி நிறத்துக்கொரு வகை. போலந்துக்காரரின் சிவப்பு முக்கோணத்தில் 'பி' என்ற எழுத்தும் இருந்தது. பெயர் மறைந்து, எண் மட்டும் எஞ்சியது.

இன்னொரு வேறுபாட்டையும் மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வதைமுகாம் வேறு, கொலைமுகாம் வேறு. டிரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக், ஹெல்ம்னோ ஆகியவை கொலைமுகாம்கள். அங்கு வந்தவர்களை வேலை வாங்கும் நோக்கம்கூட இல்லை. வந்த சில மணி நேரத்திலேயே நச்சுப்புகையால் கொன்றார்கள். அவ்வாறு கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். போலந்தின் யூதக் குடிமக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் பேர், அதாவது பத்தில் ஒன்பது பேர், போருக்குள் அழிக்கப்பட்டனர். யூதரல்லாத போலந்து மக்களில் கொல்லப்பட்டோர் சுமார் 18 இலட்சம் என மதிப்பிடப்படுகிறது. யூதர்களை ஒருவர் மிச்சமின்றி அழிப்பது நாஜிகளின் நோக்கம். போலந்து மக்களையோ தலைவர்களும் கற்றவர்களும் இல்லாத கூலிக்கூட்டமாக்குவது நோக்கம். இரண்டையும் ஒன்றெனக் கருதுவதும் தவறு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதும் தவறு.

ஆஷ்விட்ஸில் முதல் இரயில்

உலகம் முழுதும் அறிந்த ஆஷ்விட்ஸ் முகாம் முதலில் யாருக்காகத் திறக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஒஷ்வியெஞ்சிம் என்ற போலந்துச் சிற்றூரின் பழைய இராணுவக் குடியிருப்பே அந்த முகாம். ஊரின் ஜெர்மானியப் பெயர்தான் ஆஷ்விட்ஸ். போலந்தில் சிறைகள் நிரம்பி வழிந்ததால் இம்முகாம் தேவைப்பட்டது. 1940 மே மாதம் சாக்சன்ஹவுசனிலிருந்து 30 ஜெர்மானியக் குற்றவாளிகள் கொண்டுவரப்பட்டனர். கைதிகளை அடித்து வேலை வாங்கும் மேஸ்திரிகள் அவர்கள். அவர்களுக்கு 1 முதல் 30 வரை எண்கள். ஜூன் 14ஆம் நாள் தார்னூவ் நகரச் சிறையிலிருந்து முதல் இரயில் வந்தது. அதில் 728 போலந்துக்காரர்கள் இருந்தார்கள். பள்ளி மாணவர்கள், படைவீரர்கள், ஆசிரியர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். அவர்களுக்கு 31 முதல் 758 வரை எண்கள் வழங்கப்பட்டன.

பின்னர் வார்சா நகரத் தெருக்களில் திடீரென இருபுறமும் அடைத்து, அகப்பட்டவர்களையெல்லாம் வண்டியில் ஏற்றும் வேட்டைகள் நடந்தன. கடைக்குப் போனவர், அலுவலகத்திலிருந்து திரும்பியவர் என்று வேறுபாடில்லை. 1944 ஆகஸ்டில் வார்சா மக்கள் ஆயுதமேந்தி எழுந்தபோது, பிடிபட்ட குடும்பங்களிலிருந்து ஏறத்தாழ 13,000 பேர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர்.

1942 முதல் ஆஷ்விட்ஸ் ஐரோப்பிய யூதர்களைக் கொல்லும் பெரிய மையமாயிற்று. அங்கே கொண்டுவரப்பட்ட 13 இலட்சம் பேரில் 11 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் யூதர்கள். போலந்துக்காரர்களில் 1,40,000 முதல் 1,50,000 பேர் வரை அங்கு அடைக்கப்பட்டனர். அவர்களுள் பாதிப்பேர் திரும்பவில்லை.

பசியின் கணக்கு

முகாம்களில் துப்பாக்கியால் இறந்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் இறந்த கைதிகள் மிகப்பலர். இதை ஒரு கணக்காகப் பார்த்தால் விளங்கும்.

ஆஷ்விட்ஸில் காலையில் அரை லிட்டர் கசப்பு நீர். காப்பி என்று அதற்குப் பெயர். நண்பகலில் முக்கால் லிட்டர் கிழங்குக் கஞ்சி. மாலையில் ஏறத்தாழ 300 கிராம் கறுப்பு ரொட்டியும், கொஞ்சம் மார்கரின் அல்லது 25 கிராம் இறைச்சித் துண்டும். இதன் ஆற்றல் இலகுவான வேலை செய்பவருக்கு 1,300 கலோரி. கடும் வேலை செய்பவருக்கு 1,700 கலோரி. எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்கும் மனிதனின் இதயம் துடிக்கவும், மூச்சு இயங்கவும், உடற்சூடு நிலைக்கவுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கலோரி வேண்டும். பதினொரு மணி நேரம் மண் வெட்டவும் கல் சுமக்கவும் வேண்டுமானால் அதைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாகத் தேவை.

வரவு குறைந்தால் உடல் தன் சேமிப்பில் கைவைக்கிறது. கல்லீரலிலுள்ள சர்க்கரைச் சேமிப்பு ஒரு நாளைக்குக் காணாது. பிறகு கொழுப்பு கரைகிறது. அதுவும் தீர்ந்தபின் தசைகளின் புரதமே எரிபொருளாகிறது. இரத்தத்தில் புரதம் குறையும்போது, நீரை இரத்தக்குழாய்களுக்குள் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைகிறது. எலும்பும் தோலுமான மனிதனின் கால்கள் மட்டும் வீங்குகின்றன. வயிற்றுப்போக்கு தொடர்கிறது. சில மாதங்களில் முடிவு வருகிறது. இந்த உணவு அளவை நிர்ணயித்தவர்கள் கலோரிக் கணக்கை அறியாதவர்கள் அல்லர்.

பசித்த உடலில் நோய் எளிதில் குடியேறும். சோப்பும் மாற்றுத் துணியும் இல்லாத கொட்டகைகளில் சீலைப்பேன் பெருகியது. சீலைப்பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல் கொட்டகை கொட்டகையாக ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. (நம் நாட்டில் தண்ணீரால் பரவும் டைபாய்டு வேறு, இது வேறு.)

ராவென்ஸ்புரூக்கின் 'முயல்கள்'

பெர்லினுக்கு வடக்கே ராவென்ஸ்புரூக் என்ற இடத்தில் பெண்களுக்கென்றே ஒரு வதைமுகாம் 1939 மே மாதம் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பெண்கள் அங்கு இருந்தபோதிலும் போலந்துப் பெண்களே எண்ணிக்கையில் முதலிடம் பெற்றனர். 1941 செப்டம்பரில் லூப்ளின், வார்சா நகரங்களிலிருந்து ஒரு பெரும் கூட்டம் வந்து சேர்ந்தது. இரகசிய எதிர்ப்பியக்கத்துக்குச் செய்தி கொண்டுசென்ற மாணவிகளும் ஆசிரியைகளும் அதில் அதிகம்.

1942 மே 27ஆம் நாள் பிராக் நகரில் நாஜித் தலைவர்களுள் ஒருவரான ஹைட்ரிக் மீது குண்டு வீசப்பட்டது. காயத்தில் நஞ்சேறி ஜூன் 4ஆம் நாள் அவர் இறந்தார். ஹிம்லரின் நண்பரான கார்ல் கெப்ஹார்ட் என்ற அறுவை மருத்துவர் சிகிச்சைக்குப் பொறுப்பாக இருந்தார். சல்பா மருந்து போதிய அளவு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பேச்செழுந்தது.

சல்பா மருந்துகள் அக்காலத்தின் அற்புதம். 1935இல் முதல் சல்பா மருந்தைப் பற்றி அறிவித்தவர் கெர்ஹார்ட் டோமாக் என்ற ஜெர்மானியர். 1939இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நாஜி அரசோ அதை ஏற்கவிடாமல் அவரைக் கட்டாயப்படுத்தியது. போர்முனைக் காயங்களில் இம்மருந்து எவ்வளவு பயன்படும் என்பது இராணுவத்துக்குப் பெரிய கேள்வி. தம்மீது குற்றமில்லை என்று காட்ட கெப்ஹார்டுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. எலிகளுக்கும் முயல்களுக்கும் பதிலாக மனிதர்கள் கையருகில் இருந்தார்கள்.

1942 ஆகஸ்டிலிருந்து போலந்துப் பெண்கள் மருத்துவக் கொட்டகைக்கு அழைக்கப்பட்டனர். எதற்கென்று சொல்லப்படவில்லை. மயக்கமருந்து கொடுத்து, காலைக் கிழித்து, சீழ் உண்டாக்கும் கிருமிகளையும், தசையை அழுகவைக்கும் கிருமிகளையும், இரணஜன்னிக் கிருமிகளையும் உள்ளே வைத்தார்கள். போர்க்காயம்போல இருக்கவேண்டும் என்று மரத்தூளும் கண்ணாடித் துகளும் சேர்த்துத் தைத்தார்கள். சிலருக்குச் சல்பா மருந்து கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டார்கள். வேறு சிலருக்கு எலும்பையும் தசையையும் நரம்பையும் வெட்டியெடுத்தார்கள். இவற்றுக்கு ஆளான போலந்துப் பெண்கள் 74 பேர். ஐவர் அறுவையின் விளைவாக இறந்தனர். ஆறுபேர் புண் ஆறுமுன்பே சுட்டுக்கொல்லப்பட்டனர். எஞ்சியவர்கள் நொண்டி நொண்டி நடந்தார்கள். முகாமில் அவர்களுக்கு 'முயல்கள்' என்று பெயர் வந்தது. ஆய்வுக்கூட முயல்கள் என்று பொருள்.

1943 மார்ச்சில் இந்தப் பெண்கள் ஒரு செயற்கரிய செயலைச் செய்தனர். நடக்க முடிந்தவர்கள் நடந்தும், முடியாதவர்களைத் தோழியர் சுமந்தும், முகாம்த் தலைவர் அலுவலகத்துக்கு அணியாகச் சென்று எழுத்து மூலம் எதிர்ப்பைக் கொடுத்தார்கள். நலமாயிருந்த அரசியல் கைதிகள் மீது அவர்கள் ஒப்புதலின்றி அறுவை செய்யப்படுவது முகாம்த் தலைவருக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. ஆயினும் அதன்பின் கட்டாயப்படுத்தி இழுத்துச் சென்றே அறுவை செய்ய வேண்டிய நிலை மருத்துவர்களுக்கு ஏற்பட்டது.

இது அறிவியலா?

சோதனை முடிவுகளை கெப்ஹார்டும் அவருடைய உதவியாளர் ஃபிரிட்ஸ் ஃபிஷரும் 1943 மே மாதம் பெர்லினில் இராணுவ மருத்துவர் மாநாட்டில் படித்தார்கள். மரணதண்டனைக் கைதிகள்மீது நடத்தியது என்று சொல்லியே படித்தார்கள். ஜெர்மனியின் பெயர்பெற்ற மருத்துவர்கள் அமர்ந்து கேட்டார்கள். எதிர்த்து ஒருவரும் எழவில்லை.

'கொடுமைதான், ஆனால் அறிவு வளர்ந்ததே' என்று சிலர் நினைக்கக்கூடும். அந்த எண்ணம் சரியன்று. சல்பா மருந்து போதாது என்ற முடிவு வந்தால் கெப்ஹார்ட் தப்புவார். முடிவில் அக்கறையுள்ளவரே சோதனையை நடத்தினால் அதை நம்புவது எங்ஙனம்? உண்மையான காயம்பட்ட வீரர்கள் போர்முனை மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைக் கவனமாக ஆராய்ந்திருந்தால் போதிய விடை கிடைத்திருக்கும். பசியால் மெலிந்த பெண்களின் உடலில் செயற்கையாக உண்டாக்கிய புண், நன்கு உண்ட போர்வீரனின் காயத்துக்கு ஒப்பாகாது.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. நோயாளியின் ஒப்புதலின்றிப் புதிய சிகிச்சைகளையும் சோதனைகளையும் செய்யக்கூடாது என்று 1931இலேயே ஜெர்மானிய அரசு விதிமுறைகளை வெளியிட்டிருந்தது. அக்காலத்தில் உலகிலேயே மேலான விதிகளுள் அவை சேர்ந்தவை. விதி ஏட்டில் இருந்தது. முகாமுக்குள் இருந்தவர்களை மனிதர் கணக்கிலேயே சேர்க்காததால் அந்த விதி அவர்களைக் காக்கவில்லை.

எலுமிச்சைச் சாற்றின் வேதியியல்

எலுமிச்சைச் சாற்றால் வெள்ளைத்தாளில் எழுதி, உலர்ந்தபின் விளக்குச் சூட்டில் காட்டினால் எழுத்து பழுப்பாகத் தோன்றும் விளையாட்டை நம் சிறுவர்கள் அறிவார்கள். சாற்றிலுள்ள கரிமப் பொருள்கள் தாளைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கருகுவதே காரணம். இந்தச் சின்ன உண்மைதான் ராவென்ஸ்புரூக்கின் இரகசியத்தை உலகுக்கு வெளியிட்டது.

கைதிகள் வீட்டுக்கு ஜெர்மன் மொழியில் சில வரிகள் எழுத அனுமதி உண்டு. ஒவ்வொரு கடிதத்தையும் தணிக்கையாளர் படிப்பார். லூப்ளின் நகரைச் சேர்ந்த கிறிஸ்டினா சிஷ் என்ற இளம்பெண்ணும் அவருடைய தோழியர் மூவரும் ஒரு வழி கண்டார்கள். முகாமில் எலுமிச்சை ஏது? கிடைத்தது சிறுநீர் மட்டுமே. அதிலும் சூட்டில் பழுப்பாகும் கரிமப் பொருள்கள் உண்டு. அதையே மையாகக் கொண்டு, வெளிப்படையான வரிகளுக்கிடையே மறைவான வரிகளை எழுதினார்கள்.

ஆனால் வீட்டாருக்கு இது எப்படித் தெரியும்? 1943 தொடக்கத்தில் எழுதிய ஒரு கடிதத்தில், சிறுவயதில் படித்த ஒரு கதைப்புத்தகத்தை கிறிஸ்டினா நினைவூட்டினார். வரிகளின் முதல் எழுத்துகளில் செய்தி ஒளிந்திருக்கும் ஓர் உத்தி அக்கதையில் வரும். வீட்டார் புரிந்துகொண்டார்கள். முதல் எழுத்துகளைச் சேர்த்தபோது, கடிதம் சிறுநீரால் எழுதப்பட்டது என்ற குறிப்பு கிடைத்தது. தாளின்மீது இஸ்திரிப்பெட்டியை ஓட்டினார்கள். பழுப்பு நிறத்தில், அறுவை செய்யப்பட்ட பெண்களின் பெயர்களும் விவரங்களும் தோன்றின!

அச்செய்தி போலந்தின் தலைமறைவு இயக்கத்தின் வழியே இலண்டனிலிருந்த போலந்து அரசுக்கு எட்டியது. 1944இல் பெண்கள் தம் கால்களின் தழும்புகளை ஒளித்துவைத்த புகைப்படப் பெட்டியொன்றில் படமெடுத்தார்கள். அந்தச் சுருளைச் சக கைதியான ஜெர்மைன் டில்லியோன் என்ற பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் பாதுகாத்து வெளியே கொண்டுவந்தார்.

1945 பிப்ரவரியில், சாட்சியங்களை அழிக்க நினைத்த முகாம் அதிகாரிகள் 'முயல்கள்' அனைவரையும் ஒன்றுசேர்த்துக் கொல்ல முனைந்தார்கள். அப்போது முகாமே ஒன்றுகூடி அவர்களை ஒளித்துவைத்தது. வெவ்வேறு நாட்டுப் பெண்கள் தம் கொட்டகைகளில் இடமளித்தார்கள். இறந்த கைதிகளின் எண்களை அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 63 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

நூரம்பர்க்கின் பத்து விதிகள்

1946 டிசம்பர் 9ஆம் நாள் நூரம்பர்க் நகரில் மருத்துவர்கள் வழக்கு தொடங்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். போலந்திலிருந்து நான்கு பெண்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். யாட்விகா ஜிடோ என்ற மருந்தியல் மாணவி நீதிமன்றத்தின்முன் தம் காலைக் காட்டி நின்ற புகைப்படம் இன்றும் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது.

'இவர்கள் எப்படியும் சாகவேண்டியவர்கள்' என்பது எதிர்வாதங்களுள் ஒன்று. நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. 1947 ஆகஸ்டில் 16 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கெப்ஹார்ட் உள்ளிட்ட எழுவர் 1948 ஜூன் 2ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். ஃபிஷருக்கு ஆயுள் தண்டனை. பெண் மருத்துவரான ஹெர்ட்டா ஓபர்ஹாய்சருக்கு இருபதாண்டு. ஆனால் ஓபர்ஹாய்சர் 1952லேயே வெளிவந்து, ஒரு ஜெர்மானியச் சிற்றூரில் மருத்துவத் தொழில் நடத்தினார். அவரைக் கண்டுபிடித்து எதிர்ப்பு எழுந்தபின்பே, 1958இல் அவருடைய உரிமம் பறிக்கப்பட்டது.

தீர்ப்போடு நீதிபதிகள் பத்து விதிகளையும் எழுதினார்கள். இவையே நூரம்பர்க் நெறிமுறை எனப்படுபவை. சோதனைக்கு உட்படுபவரின் முழு மனத்தோடான ஒப்புதல் இன்றியமையாதது என்பது முதல் விதி. தேவையற்ற வேதனை கூடாது, எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு, ஆபத்து தெரிந்தால் ஆய்வாளர் நிறுத்த வேண்டும் என்பன பிற விதிகளுட் சில. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சின்கியில் வெளியிட்ட அறிவிப்பு இவற்றை மேலும் விரித்தது. இன்று ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும் மருத்துவமனையில் ஒருவர் தம் மொழியில் எழுதப்பட்ட ஒப்புதல் தாளைப் படித்துக் கையெழுத்திடுகிறார் என்றால், அந்தத் தாளுக்குப் பின்னே ராவென்ஸ்புரூக் பெண்களின் தழும்புகள் இருக்கின்றன.

திட்டம் வென்றதா?

எழுத்தறிவற்ற போலந்தை உருவாக்கும் திட்டம் என்ன ஆயிற்று? பெருஞ்சேதம் விளைந்தது என்பதில் ஐயமில்லை. டாஹாவ் முகாமில் மட்டும் 1,780 போலந்துப் பாதிரியார்கள் அடைக்கப்பட்டு, அவர்களில் 868 பேர் மாண்டனர். ஒரு தலைமுறையின் ஆசிரியர்களையும் அறிஞர்களையும் அந்நாடு இழந்தது. ஆனால் திட்டம் நிறைவேறவில்லை.

கிராக்கோவில் 1942 முதல் பல்கலைக்கழகம் இரகசியமாக நடந்தது. தாவரவியல் அறிஞர் விளாதிஸ்வாவ் ஷாஃபெர் அதற்குத் தலைமை தாங்கினார். சாக்சன்ஹவுசனிலிருந்து மீண்ட பேராசிரியர்கள் பலர் வீட்டு அறைகளில் வகுப்பு நடத்தினார்கள். பிடிபட்டால் மீண்டும் முகாம்தான் என்று தெரிந்தே நடத்தினார்கள். ஏறத்தாழ 800 மாணவர்கள் பயின்றார்கள். பின்னாளில் போப் இரண்டாம் ஜான் பால் ஆன கரோல் வோய்ட்டிவா அவர்களுள் ஒருவர்.

ராவென்ஸ்புரூக்கிலும் பள்ளி நடந்தது! படிப்பை இழந்த இளம்பெண்களுக்குச் சக கைதிகளான ஆசிரியைகள் வேலை முடிந்த நேரங்களில், புத்தகமும் கரும்பலகையும் இல்லாமல், வாய்மொழியாகப் பாடம் சொன்னார்கள். சோதனைக்குள்ளான பெண்களும் அங்கே மாணவிகளாக இருந்தார்கள். இரகசியக் கடிதம் எழுதிய கிறிஸ்டினா சிஷ் பின்னர் லூப்ளினில் புவியியல் அறிஞரானார். அவருடைய தோழி வாண்டா, அறுவைக்கத்தியின் கொடுமையை அனுபவித்தவர், மருத்துவமே பயின்று மனநல மருத்துவரானார். வாண்டா புவ்டாவ்ஸ்கா என்ற பெயரால் அறியப்பட்ட அவர் 2023இல் தம் 101ஆம் வயதில் மறைந்தார்.

போருக்குப்பின் கிராக்கோ மருத்துவர்கள் முகாமிலிருந்து மீண்டவர்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். உடற்புண் ஆறியபின்பும் உறக்கமின்மை, அச்சம், சோர்வு, விரைந்து வரும் முதுமை ஆகியவை தொடர்வதைப் பதிவு செய்தார்கள். 1961 முதல் அதற்கென ஒரு மருத்துவ இதழின் சிறப்பு வெளியீடுகளும் வந்தன. இவ்வாய்வில் ஈடுபட்டவர்களுள் சிலர் முன்னாள் கைதிகள். இங்கே நோயாளியும் மருத்துவரும் ஒருவரையொருவர் மதித்து, ஒப்புதலோடு, உண்மையைத் தேடினார்கள். ஒரே நிலத்தில், ஒரே தலைமுறையில், மருத்துவ அறிவு இருவேறு கைகளில் இருவேறு வேலைகளைச் செய்தது.

ஒவ்வோராண்டும் நவம்பர் 6ஆம் நாள் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகம் அன்று கைதானவர்களை நினைவுகூர்கிறது. அவர்கள் கைதான அதே கட்டிடத்தில் இன்றும் மாணவர்கள் அமர்ந்து பாடம் கேட்கிறார்கள். ஐந்நூறோடு எண்ணிக்கையை நிறுத்திவிட நினைத்தவர்களுக்கு அந்த வகுப்பறைகளே விடையாகும்.